‘கடைசி மாலுமி’ என்னும் கதை

பசுபிக் சமுத்திரத்தின் தீவுகளைப் பற்றி மேனாட்டார் எழுதிய பிரயாண நூல்கள் ஒரு பெரிய நூலகத்தையே நிரப்பத்தக்கவை. அவற்றுட் பெரும்பாலானவை தென்னையும் வெண்மணலும் நிலவொளியும் நிறைந்த கனவுலகக் காட்சிகளே. அவற்றைப் பற்றிப் பேச நாம் இங்கு முற்படவில்லை. அத்தீவுகளில் இன்றும் உயிரோடு விளங்கும் கடலோடும் கலையைக் கற்கவென்றே சென்று, கற்றதை நேர்மையாக எழுத முயன்றவர் சிலர் உளர். அவர்களுடைய நூல்களே எமது கவனத்துக்குரியவை. கனவு விற்போரை ஒதுக்கிவிடுதல் எளிது. நேர்மையாளரிடத்தும் தங்கி நிற்கும் குறையை இனங்காண்பதே விமர்சனத்தின் கடமை.

மேற்குப் பசுபிக்கில், மைக்ரோனீசியக் கூட்டாட்சி நாட்டைச் சேர்ந்த கரோலைன் தீவுகளிடையே, சத்தவால், புலுவத் என்னும் இரு சிறு தீவுகள் உள்ளன. சத்தவாலின் பரப்பு ஏறத்தாழ 1.3 சதுர கிலோமீற்றர். அங்கு வாழ்வோர் சில நூற்றுவரே. வரைபடமும் திசையறி கருவியுமின்றிப் பாய்வள்ளத்தில் நெடுங்கடலைக் கடந்து, கண்ணுக்கெட்டாத தீவை அடைந்து மீளும் வித்தை இவ்விரு தீவுகளிலும் அறுபடாது நிலைத்து வந்தது. நாம் அத்தீவுகளைக் கண்டவரல்லர். சென்றவர் எழுதியதன் வாயிலாகவே அறிந்தவர். எமது வாசகரிற் பெரும்பாலோர் நிலையும் அதுவே. ஆதலின், எழுதியவர் எதைக் காட்டினர், எதைக் காட்டாது விட்டனர் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

முதலில் ஒரு பழைய மறுப்பை நினைவுகூர்தல் வேண்டும். 1769இல் தாகித்தித் தீவிலிருந்து தளபதி குக்கின் கப்பலில் ஏறிய தூபையா என்பவர், தாம் அறிந்த பற்பல தீவுகளின் பெயர்களையும் நிலைகளையும் கூறி ஒரு படம் வரைய உதவினார். அத்தகைய அறிவு அம்மக்களிடம் உண்டென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும், பிற்காலத்து அறிஞர் பலர் அதனை நம்ப மறுத்தனர். 1947இல் தோர் ஹெயர்டால் பெரு நாட்டிலிருந்து ‘கொன்-டிக்கி’ என்ற மிதவையில் 101 நாள் மிதந்து சென்று, அத்தீவுகளின் முதற் குடிகள் தென்னமெரிக்காவிலிருந்தே காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்தனர் என்று நிறுவ முயன்றார். 1956இல் அன்ட்ரூ ஷார்ப் எழுதிய நூலோ, நெடுந்தூரத் தீவுகளுக்கு மக்கள் வழி தெரிந்து செல்லவில்லை, புயலில் அகப்பட்டுத் தற்செயலாகவே ஒதுங்கினர் என்றது. ஷார்ப் சான்று கேட்டவர். அவ்வகையில் அவர் ஆராய்ச்சிக்குத் தொண்டு செய்தவரே. ஆயினும் இவ்விருவர் கொள்கைகளும் ஒரே இடத்திற் போய்ச் சேர்வதை நோக்குக. ஒருவர் கொள்கையில் நீரோட்டம் வழிகாட்டி. மற்றவர் கொள்கையில் புயல் வழிகாட்டி. மனிதன் எங்கும் வழிகாட்டியாக இல்லை.

இம்மறுப்பைத் தகர்த்தவர்களுள் டேவிட் லூயிஸ் முதன்மையானவர். மருத்துவராகவும் கடலோடியாகவும் விளங்கிய இவர், புலுவத்தைச் சேர்ந்த ஹிப்பூர் என்ற மாலுமியைத் தமது பாய்க்கப்பலில் ஏற்றி, கருவிகளை மறைத்துவிட்டு, வழிகாட்டும் பொறுப்பை முற்றாக அவரிடமே விட்டார். ஹிப்பூர் 1969இல் 400 கடல் மைலுக்கு மேற்பட்ட வெறுங்கடலைக் கடந்து சைப்பான் தீவுக்குக் கப்பலைச் செலுத்தி மீட்டும் கொணர்ந்தார். அவ்வழியே வள்ளம் ஓட்டும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்னரே அற்றுப்போயிருந்தது. ஹிப்பூரும் அதற்கு முன் அவ்வழியே சென்றவரல்லர். வழிக்குரிய விண்மீன்களின் வரிசை மாத்திரம் வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்தது. பயன்படாத அறிவையும் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்குக் கையளித்த ஒரு சமுதாயத்தின் கட்டுப்பாட்டை இஃது எமக்கு உணர்த்துகின்றது. 1972இல் வெளியான லூயிசின் நூலுக்கு ‘மாலுமிகளாகிய நாங்கள்’ என்ற பொருளில் தலைப்பு அமைந்தது பொருத்தமே. அந்நூலில் ஆசிரியர் மாணவராக இருக்கின்றார். தீவினர் ஆசிரியராக இருக்கின்றனர்.

அவர்கள் கற்பித்தது யாது? அடிவானத்தைச் சுற்றிலும், குறித்த மீன்கள் எழும் இடங்களும் விழும் இடங்களுமாக 32 புள்ளிகள் கொள்ளப்படுகின்றன. நாம் திருவோணம் என்று வழங்கும் மீன் எழுமிடமே அவர்களுக்குக் கிழக்கு. அம்மீனுக்கு அவர்கள் இட்ட பெயர் பெரும் பறவை என்று பொருள்படும். கரையிலே பாய் விரித்து, பவளக் கற்களை வட்டமாக அடுக்கி, சிறுவர்க்கு இப்பாடம் சொல்லப்படுகின்றது. விண்மீன் மறையும் வேளையில் ஆழ்கடலின் நீண்ட அலைகள் வள்ளத்தின் அடியை எப்பக்கமிருந்து தூக்குகின்றன என்பதை உடலால் உணர்ந்து திசை பேணுவர். காலையிற் கரையை விட்டு இரைதேடிப் பறந்து மாலையில் மீளும் ஆலாக்கள், கண்ணுக்குத் தெரியாத தீவை ஏறத்தாழ இருபது மைலுக்கு அப்பாலிருந்தே அறிவித்துவிடும்.

இவற்றினும் நுட்பமானது ‘எத்தக்’ என்னும் கணக்கு. மாலுமி தன் வள்ளம் அசையாது நிற்பதாகவும் தீவுகளே நகர்வதாகவும் மனத்திற் கொள்கின்றான். வழிக்குப் புறத்தே உள்ள ஒரு தீவு, அடிவானத்து மீன்கள் ஒவ்வொன்றின் கீழும் பின்னோக்கிச் செல்வதாகக் கணித்து, எவ்வளவு தூரம் கடந்தாயிற்று என்று அறிகின்றான். இதனை வரைபடத்தில் ஏற்றி விளங்கிக்கொள்ள முயன்றமையாலேயே வெளியார் தடுமாறினர் என்று 1983இல் எட்வின் ஹட்சின்ஸ் எடுத்துக்காட்டினார். வரைபடம் என்பது மேலிருந்து பார்ப்பவனின் கண். எத்தக் வள்ளத்தில் இருப்பவனின் கண். மிகச் சிறந்த விருந்தாளியும் தன் கண்ணைத் தன்னோடு கொண்டுதான் செல்கின்றான் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

இனி, தோமஸ் கிளாட்வின் 1970இல் வெளியிட்ட ‘கிழக்கு ஒரு பெரும் பறவை’ என்ற நூலை நோக்குவோம். பாடசாலை ஆசிரியராகிய எமக்கு இந்நூல் மிக நெருக்கமானது. அமெரிக்காவின் ஏழைப் பிள்ளைகள் அறிவுச் சோதனைகளில் ஏன் பின்தங்குகின்றனர் என்ற கேள்வியே கிளாட்வினைப் புலுவத்துக்கு இட்டுச் சென்றது. எழுத்தறிவிக்கப்படாத மாலுமி, முன்கூட்டித் திட்டமிட்டு, காணாத தீவைக் கற்பித்து, அருவமான கணக்கை இராப்பகலாக மனத்திற் சுமந்து செல்கின்றான். அவ்வாறாயின், ஏழையின் சிந்தை கண்ணாற் காண்பதைத் தாண்டாது என்ற வாதம் என்னவாகும்? இக்கேள்வியை எழுப்பியமைக்காகவே கிளாட்வின் போற்றத்தக்கவர். பரீட்சைத் தாளில் அகப்படாத அறிவெல்லாம் அறிவன்று என்று கருதும் எவரும் இந்நூலைப் படித்தல் நன்று.

நிற்க. கிளாட்வின் ஓர் எல்லையையும் வகுத்தார். புலுவத்து முறை, எதிர்ப்படும் சிக்கல்களுக்கெல்லாம் முன்னரே விடை வகுத்துவிட்ட முறை என்றும், புதிய சிக்கலுக்குப் புதிய வழி தேடும் தேவை அதில் அருகியே உள்ளது என்றும் அவர் கருதினார். இக்கருத்தை மறுத்தது மற்றொரு நூலன்று, ஒரு கடற்பயணம். 1976 மே 1ஆம் திகதி, ‘ஹொக்குலேயா’ என்ற இரட்டை வள்ளம் ஹவாயிலிருந்து தாகித்தியை நோக்கிப் புறப்பட்டது. வழிகாட்டி, சத்தவாலைச் சேர்ந்த மௌ பியாய்லுக். அவர் தாகித்தியை அதற்கு முன் கண்டதில்லை. ஏறத்தாழ 2,500 மைல் வழி. பூமத்திய ரேகையைத் தாண்டினால் வடதுருவ மீன் கண்ணுக்கு மறைந்துவிடும். தெற்கின் காற்றும் அலையும் அவர் பழகாதவை. வானத்தின் மாற்றங்களைப் பிறரிடம் கேட்டறிந்தும், தம் முறையை அப்புதுக் கடலுக்கு இயைபுபடுத்தியும், ஜூன் 4ஆம் திகதி பப்பீற்றேத் துறைமுகத்தில் வள்ளத்தைச் சேர்த்தார். விடை முடிந்த முறையால் இது கூடுமா? தேவை எழாதபோது புதுமை தோன்றாதிருத்தல் இயல்பு. தேவை எழுந்தபோது அது தோன்றியது. ஒரு மக்கட் கூட்டத்தின் ஆற்றலை, நாம் சென்று தங்கிய சில திங்களில் கண்டவற்றைக் கொண்டு மாத்திரம் அளத்தல் ஆகாது.

ஈண்டுப் பெயர் பற்றிய ஒரு குறிப்பும் பொருந்தும். ஹொக்குலேயா போன்ற இரட்டை வள்ளங்களை ஆங்கிலேயர் ‘கட்டமரான்’ என்பர். அச்சொல் எமது ‘கட்டுமரம்’ என்பதன் திரிபே. தமிழ்க் கரையோரத்து மீனவர் மரங்களைப் பிணைத்துக் கட்டிய மிதவையின் பெயர், அதனோடு அமைப்பில் ஒவ்வாத பசுபிக் வள்ளத்தின் மேல் ஏற்றப்பட்டது. கட்டியவர் இட்ட பெயர் மறைய, கண்டவர் இட்ட பெயர் நிலைத்தது. இரு கடலோர மக்களும் இவ்வகையில் ஒரே நிலையினரே.

இப்போது எமது முக்கிய வினாவுக்கு வருவோம். மௌ பியாய்லுக்கிடம் கற்பதற்காக 1983இல் சத்தவாலுக்குச் சென்ற அமெரிக்கக் கடலோடி ஸ்டீபன் தோமஸ், 1987இல் தமது நூலை வெளியிட்டார். ‘கடைசி மாலுமி’ என்பது அதன் தலைப்பு. தோமஸ் உழைப்பாளி. தாம் கற்றவற்றை மிக விரிவாகப் பதிந்துள்ளார்; ஆசானிடத்து அவருக்குள்ள அன்பும் ஐயத்துக்கிடமற்றது. இளைஞர் கற்க வருகின்றாரில்லையே என்ற கவலை மௌவுக்கே இருந்தது என்பதையும் மறுப்பாரிலர். ஆயினும், கவலை வேறு, ‘கடைசி’ என்ற தீர்ப்பு வேறு.

‘கடைசி’ என்ற சொல் இரண்டு தீங்குகளைச் செய்கின்றது. ஒன்று, ஒரு சமுதாயத்தின் உழைப்பை அது ஒரு தனிமனிதனின் தலையில் முடியாகச் சூட்டுகின்றது. வள்ளம் தானே கடலுக்கு இறங்குவதில்லை. ஈரப்பலா மரத்தை வளர்த்தவர், வெட்டிக் குடைந்தவர், ஆணியின்றிப் பலகையைப் பிணைக்கத் தேங்காய்த் தும்பைத் தொடையிற் திரித்துக் கயிறாக்கிய முதியவர், சேம்பு வயலின் சேற்றில் நின்று ஊருக்கு உணவளித்த பெண்கள், ஆகிய இத்தனை பேரும் சேர்ந்தே ஒரு மாலுமியை உருவாக்குகின்றனர். அவர்களுக்கு எந்தப் பிரயாண நூலும் தலைப்பிற் பெயர் தருவதில்லை. இவ்வாறு கூறுவதனால் அத்தீவுகளைக் குறையற்ற பொன்னுலகமாக நாம் காட்டுவதாகக் கொள்ளற்க. அங்கும் இவ்வறிவு குடும்ப வழியிலும் மாலுமிப் பரம்பரைகளுக்குள்ளும் மறைபொருளாகக் காக்கப்பட்டது. எல்லார்க்கும் வாயில் திறந்திருக்கவில்லை.

மற்றது, இக்கலை ஏன் தளர்ந்தது என்ற கேள்வியை அச்சொல் மூடிவிடுகின்றது. முதுமையால் மனிதன் இறப்பதுபோல ஒரு கலையும் இறக்கின்றது என்ற மயக்கத்தை அது தருகின்றது. நடந்தது அதுவன்று. ஸ்பெயினும், 1899 முதல் ஜேர்மனியும், 1914 முதல் ஜப்பானும், இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அமெரிக்காவும் அத்தீவுகளை அடுத்தடுத்து ஆண்டன. கீழைத் தீவினர் யாப் தீவுக்கு வள்ளங்களிற் காணிக்கையும் பண்டமும் கொண்டுசென்று மாற்றுப்பொருள் பெற்றுவந்த ‘சவெய்’ என்னும் உறவு, அந்நிய ஆட்சியின் கீழ் நலிவுற்றது. பண்டத்தைக் கப்பல் சுமக்கத் தொடங்கியதும் வள்ளத்துக்கு வேலை குறைந்தது. பாடசாலை பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்து அழைத்துச் சென்றது. ஒரு கலையின் நலிவுக்குச் சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை எழுதாது நலிவை மாத்திரம் அழகுற எழுதுதல் ஒப்பாரியேயன்றி இலக்கியமன்று.

மௌ பியாய்லுக் ஒப்பாரி வைக்கவில்லை. தம் தீவிலே மாணவர் குறைந்தபோது, பரம்பரைக் கட்டை மீறி, தம் இனத்தவரல்லாத ஹவாயியருக்குக் கற்பித்தார். தம்மவரிற் சிலர் அதனைக் குறைகூறினர். அவரிடம் பயின்ற நைனோவா தொம்சன் 1980இல் தாமே வழிகாட்டித் தாகித்திக்குச் சென்று மீண்டார். 2007 மார்ச் 18ஆம் திகதி, சத்தவாலிலே, ஹவாயைச் சேர்ந்த ஐவரும் வேறு பலரும் மௌவின் கையால் ‘புவோ’ என்னும் மாலுமிப் பட்டம் பெற்றனர். அவர் 2010இல் மறைந்தார். தலைப்பின்படி அன்றோடு கதை முடிந்திருத்தல் வேண்டும். முடியவில்லை. ‘கடைசி’ என்று எழுதப்பட்டவர், ஒரு புதிய வரிசையின் முதல்வராகிவிட்டார்.

பசுபிக்கின் மைந்தராகிய எப்பெலி ஹௌஒஃபா 1993இல் எழுதிய கட்டுரையொன்று இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. தொலைக் கடலிற் சிதறிய சிறு தீவுகள் என்பது கண்டத்தார் பார்வை என்றும், முன்னோர்க்கோ கடலும் தீவும் ஒன்றுசேர்ந்த பேருலகமே அது என்றும், அவ்வுலகைக் கோடு கிழித்துச் சிறிதாக்கியது காலனி ஆட்சியே என்றும் அவர் வாதித்தார். ‘தொலைதூரத் தீவு’ என்று எழுதும் ஒவ்வொருவரும், எங்கிருந்து தொலை என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

கரோலைன் தீவினரின் வழியறி கலையையும் வள்ளம் கட்டும் தொழிலையும், அவசரமாகக் காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் யுனெஸ்கோ 2021இல் சேர்த்தது. ஆபத்து உண்மையே. கடல் மட்டமும் உயர்ந்து வருகின்றது. ஆனால், பட்டியலாற் காக்கப்படுவது பெயர். பயிற்சியாற் காக்கப்படுவதே கலை. அத்தீவுகளுக்கு இனிச் செல்லும் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது அதிகமன்று. மாலுமியின் முகத்தை வரைவதோடு நில்லாது, கயிறு திரிப்பவரின் கையையும் வரையுங்கள். அக்கலை நலிந்த கதையோடு நலிவித்தவரின் பெயரையும் எழுதுங்கள். முடிவுரையை மாத்திரம் அத்தீவு மக்களுக்கே விட்டுவிடுங்கள். அதனை அவர்கள் கடலில் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.