வால்வுக்கு வைக்கும் தேர்வில் விடுபட்ட கேள்வி

அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இயற்கை வாயு, தெருவடியிலுள்ள பிரதான குழாயிலிருந்து பிரியும் கிளைக்குழாய் வழியே வருகிறது. பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒன்று அக்கிளைக்குழாயை அறுத்துவிட்டால் வாயு மண்ணிடையே ஊர்ந்து வீட்டின் அடித்தளத்தில் புகுந்துவிடும். இதைத் தடுக்கவே கிளைக்குழாயின் தொடக்கத்தில் ‘மிகை ஓட்ட வால்வு’ பொருத்துகிறார்கள். மின்சுற்றுக்கு ஃபியூஸ் எப்படியோ, வாயுக் குழாய்க்கு இது அப்படி. ஓட்டம் அளவு மீறினால், வில்லையோ காந்தமோ பிடித்து வைத்திருக்கும் அடைப்பான் விடுபட்டு வழியை மூடிக்கொள்ளும்.

1998 ஜூலையில் வர்ஜீனியா மாநிலத்தின் சவுத் ரைடிங் என்னுமிடத்தில் ஒரு புதிய வீடு வாயுக் கசிவால் வெடித்து ஒருவர் மாண்டார். அதன் பின் 2001இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த வால்வைப் பரவலாகப் பொருத்தும்படி பரிந்துரைத்தது. 2010 பிப்ரவரி முதல் தனி வீடுகளுக்குப் புதிதாக இடும் கிளைக்குழாய்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2017இல் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிறு வணிக இடங்களுக்கும் கட்டாயம் விரிந்தது.

சரி, அந்த வால்வுக்கு வைக்கப்படும் தேர்வு என்ன? கூட்டரசு விதித்தொகுப்பின் 192.381ஆம் விதி அதைச் சொல்கிறது. 69 கிலோபாஸ்கல் மானி அழுத்தத்தில், வால்வு தன் குறிப்பிட்ட மூடும் ஓட்டத்திலோ, அதற்கு மேல் 50 விழுக்காட்டுக்குள்ளோ மூடிவிட வேண்டும். மூடிய பின் ஒழுகும் வாயுவுக்கும் வரம்பு உண்டு. தானே மீளத் திறக்கும் வகையில் மணிக்கு 0.57 கன மீட்டர்; முற்றாக அடைக்கும் வகையில் 0.01 கன மீட்டர். இப்படி எண்களால் பேசும் விதியை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மற்ற அழுத்தங்களுக்கு வரும்போது விதியின் நாக்கு தடுமாறுகிறது. உச்ச அழுத்தம் வரை வால்வு ‘சரிவர இயங்க வேண்டும்’ என்கிறதே தவிர, எண் எதையும் சொல்வதில்லை. இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது.

அடைப்பானைத் தள்ளும் விசை, வாயுவின் அடர்த்தியையும் வேகத்தின் இருபடியையும் பொறுத்தது. ஓட்டமோ (வளிமண்டல அழுத்தத்துக்கு மாற்றிய கன அளவு) அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கிய அளவு. ஆகவே வால்வை மூடத் தேவையான ஓட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். அமெரிக்கக் குழாய்களில் 414 கிலோபாஸ்கல் மானி அழுத்தம் சாதாரணம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் இது 515. தேர்வு அழுத்தம் 170. அடர்த்தி மூன்று மடங்கு. வர்க்கமூலம் ஏறக்குறைய 1.74. மணிக்கு 10 கன மீட்டர் என்று குறித்த வால்வு, உயர் அழுத்தத்தில் 17ஐத் தாண்டினால்தான் மூடும். அனுமதித்த 50 விழுக்காட்டையும் சேர்த்துப் பாருங்கள், 26 ஆகிவிடுகிறது!

விதியை எழுதியோர் பக்கமும் நியாயம் உண்டு. குழாய் முழுதாக அறுந்தால், வெளியேறும் ஓட்டம் தனி அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில், அதாவது மூன்று மடங்காக உயரும். அதனால் உயர் அழுத்தத்தில் வால்வு இன்னும் எளிதாகவே மூடும். குறைந்த அழுத்தம்தான் கடினமான தேர்வு. ஆனால் எல்லா விபத்திலும் குழாய் முழுதாக அறுவதில்லை. சிறு துளையில் 20 கன மீட்டர் கசிந்தால் நம் காவலன் கண்ணயர்ந்திருக்கக்கூடும்.

0.57ஐயும் சற்றுக் கணக்கிடலாம். 36 கன மீட்டர் கொண்ட, காற்றோட்டமே இல்லாத அறை; மீத்தேன் 5 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றும். அந்த ஒழுக்கு முழுதும் அவ்வறைக்குள் சென்றால் மூன்று மணி நேரம் சொச்சம் போதும். மற்ற வகை வால்வில் ஒரு வாரம் ஆகும். பழுது நீக்கியதும் தானே திறந்துகொள்ளும் வசதிக்காகக் கொடுக்கும் விலை இது. இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

இன்னொன்று: தேர்வு நடத்துபவர் தயாரிப்பாளரே. தொழில்துறைத் தர நூலையோ தாமே எழுதிய விவரக்குறிப்பையோ பின்பற்றினால் போதும். மாணவனே வினாத்தாள் எழுதலாம் என்பது போலத்தான். மூடும் ஓட்டத்தை அழுத்தவாரியாக அட்டவணையிட்டுத் தரும் தயாரிப்பாளர்கள் இருக்கவே செய்கிறார்கள். அந்த அட்டவணையைத்தான் விதி கட்டாயமாகக் கேட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அழுத்தங்களில், எண்ணோடும் பிழை வரம்போடும்.