ஒரு ரூபாய்ப் பிடித்தம்

தீர்ப்பை நாம் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. வக்கீல் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆசியாட் கட்டடத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நான் வாசித்ததே எம்.ஏ. முடித்துப் பல வருஷம் கழித்துத்தான். ஒரு சொல்லுக்கு உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக உரை எழுதுவார்களே, அதுபோல நீதிபதி பகவதி இதில் 'கட்டாயம்' என்கிற சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்.

டில்லியில் அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டிவந்த ஜமேதார் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தான். சாட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஆனால் பசி தள்ளிக்கொண்டு வந்தவன் விரும்பி வந்தவன் அல்ல, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்றது தீர்ப்பு. வேலையில்லாதவன் வேலைக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுக்க நேர்வதை அம்பேத்கர் 1947லேயே எழுதிவிட்டார். கோர்ட் வந்துசேர 35 வருஷம்.

எங்க அம்மாவுக்குத் தீர்ப்பு தெரியாது, ஜமேதாரைத் தெரியும். இங்கே அவனுக்குக் கங்காணி என்று பேர். போடியில் இருட்டோடு ஜீப்பில் அடைத்து, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்குவான். செடி மூட்டுல நாள் பூரா குத்தவெச்சு, சரம் சரமாய்க் காய் எடுத்த கூலியில் அவன் பிடித்தது போக மிச்சத்தை முந்தானையில் முடிந்து வருவாள். ஏம்மா கேக்கல என்றால், "கேட்டா நாளைக்கு ஜீப்புல எடம் இருக்காதுடா." பகவதிக்கு அத்தனை பக்கம் ஆனது, அம்மாவுக்கு ஒரு வரி.

தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடமும் இடறிய இடமும் ஒன்றே. 17, 23, 24 ஆகிய பிரிவுகள் அரசுக்கு எதிராக மட்டுமல்ல, யாருக்கு எதிராகவும் செல்லும் என்கிறது. 17 என்பது தீண்டாமை ஒழிப்பு. அதை 23க்குப் பக்கத்தில் உட்கார வைத்தவர்கள், இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிடவில்லை. ஆளை நெருக்குவது பொருளாதாரச் சூழ்நிலை என்று எழுதிப் போய்விட்டார்கள். சரி, அந்தச் சூழ்நிலை ஏன் எங்க தெரு முனையில் மட்டும் விடியுமுன்னே ஹாரன் அடிக்கிறது? தோட்ட முதலாளிமார் தெருவில் அந்த ஜீப் நின்று நான் பார்த்ததில்லை.

அந்த வழக்கே ஒரு உரிமை அமைப்பு நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான். இதை அம்மாவிடம் சொன்னேன். "நாமளும் எழுதலாம்ல. வேல பாக்கறது கேரளாவுல, ஓட்டுப் போடறது இங்க. தேனிக்கு எழுதுவியா, இடுக்கிக்கு எழுதுவியா?" என்றாள்.