கிளவுட்: துணி, அடி, செல்வாக்கு

உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. தில்லிக்கும் ஆணையங்களுக்கும் போக வேண்டுமே! அப்புறம்தான் தமிழுக்கு வரும். எம்.ஏ. தமிழ் படித்த பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுகிறது. அப்படிப்பட்ட அறிக்கைகளில் அடிக்கடி தட்டுப்படுகிற ஒரு சொல் ‘கிளவுட்’. மேகம் என்ற பொருளில் வருவது வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ‘குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு உள்ளூரில் கிளவுட் இருக்கிறது, அதனால் கைது தாமதமாகிறது’ என்கிற மாதிரி வாக்கியங்களை வாசகர்கள் ஆங்கிலத் தினசரிகளிலும் பார்த்திருக்கலாம். தமிழில் இதற்குச் ‘செல்வாக்கு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இந்தச் சொல்லை அவ்வளவு லேசாக விட்டுவிட முடியாது என்பது என் கட்சி.

பழைய ஆங்கிலத்தில் கிளவுட் என்றால் துண்டுத் துணி. கந்தல், ஒட்டுப்போடுகிற துணி. வில்லாளிகள் குறிபார்த்து அடிக்க வைத்த வெள்ளைத் துணிக்கும் அதே பெயர்தான். மே மாதம் கழியும்வரை உடம்பில் கிடக்கும் துணியைக் கழற்றாதே என்று வெள்ளைக்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு; அதில் வருவதும் இந்தச் சொல்தான். இடைக்காலத்திலேயே இதற்கு அடி, அறை என்ற பொருளும் வந்து சேர்ந்துவிட்டது. செவிட்டில் ஒன்று விடுகிறோமே, அது. செல்வாக்கு என்ற பொருள் ரொம்பப் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து அரசியலில் புழங்கி, 1950, 60களில் பத்திரிகைகள் வழியாக வெளியே பரவியது.

துணி, அடி, செல்வாக்கு என்று அகராதிக்காரர்கள் ஒன்று இரண்டு மூன்று எண் போட்டு அடுக்கிவிடுவார்கள். இந்த வரிசையைப் படிக்கிற சேரிக்காரனுக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வரும். துண்டு. தோளில் கிடந்தால் ஒரு அர்த்தம், கக்கத்தில் இடுக்கினால் ஒரு அர்த்தம், இடுப்பில் கட்டினால் இன்னொரு அர்த்தம். ஊர்த்தெருவில் கால் வைக்கும்போது தோளில் கிடக்கிற துண்டு எறங்கணும். எறங்கலேன்னா அடி. அந்த அடியைக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வியும் இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க முடிகிறவனைத்தான் ‘ஊரில் செல்வாக்கு உள்ளவர்’ என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் வரலாற்றுக்கும் நம் துண்டுக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் அங்கே பல நூற்றாண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று பொருளும் இங்கே ஒரே தெருவில், ஒரே நேரத்தில் நடக்கின்றன.

மிகைப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். ராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலே துணி போடக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. எதிர்த்தவர்களின் குடிசைகளும் தானியமும் அழிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. துணியை யார் எவ்வளவு கட்டலாம் என்று தீர்மானித்தவன் அடிக்கவும் செய்தான். அவனுடைய பேரன் இன்றைக்கு ‘கிளவுட்’ உள்ள பிரமுகராக ஆங்கிலத் தினசரியில் வருகிறான்.

நான் சண்டை போடுவது இந்தப் பிரயோகத்தோடுதான். ‘அவருக்கு கிளவுட் இருக்கிறது’ என்றால் என்ன அர்த்தம்? மச்சம் இருக்கிறது, மாடு இருக்கிறது என்பதுபோல அது அவருடைய உடைமை ஆகிவிடுகிறது. நடந்தது என்ன? யாரோ ஒருவர் போன் போட்டார், ஒரு இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டு முதல் தகவல் அறிக்கை போடாமல் விட்டார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கடமையைச் செய்யாமல் விடுகிற அரசு ஊழியரின் செயலைக் குற்றம் என்கிறது. 2015இல் கொண்டுவந்த திருத்தம் அந்தக் கடமைகள் எவை எவை என்று பட்டியலே போட்டிருக்கிறது. புகாரைப் பதிவு செய்வது, வாய்மொழியாகச் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டுவது, நகல் கொடுப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ‘கிளவுட்’ என்று எழுதினதும் அந்த நான்காம் பிரிவு காணாமல் போய்விடுகிறது. அதிகாரி செய்த குற்றம் எதிரியின் யோக்கியதையாக மாறிவிடுகிறது! நம் தோழர்கள் எழுதுகிற அறிக்கைகளிலேயே இப்படி வருவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சிகாகோக்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். அவர்கள் வழக்கில் கிளவுட் என்பது குணம் அல்ல, ஆள். ‘உன் கிளவுட் யார்?’ என்றுதான் கேட்பார்கள். நம்ம ஊரில் ‘உனக்கு மேல எடத்துல ஆள் யாரு?’ என்று கேட்கிறோமே, அதேதான். 1948இல் ஆப்னர் மிக்வா என்கிற சட்டம் படிக்கிற இளைஞர் அங்கே கட்சியின் வட்ட அலுவலகத்துக்குப் போய், தேர்தல் வேலை செய்கிறேன் என்றாராம். உன்னை யார் அனுப்பினது என்று கேட்டார்கள். யாரும் அனுப்பவில்லை என்றார். ஆள் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று வெளியே விட்டார்கள். சம்பளமில்லாத வேலைக்கே இந்தக் கதி! அவர் வெள்ளையர், பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினராகவும் நீதிபதியாகவும் ஆக முடிந்தது.

கறுப்பர்களின் கதை வேறு. வில்லியம் டாசன் என்ற கறுப்பினத் தலைவர் 1943 முதல் 1970 வரை காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். தென்சிகாகோ கறுப்பர்களின் ஓட்டுகளை மொத்தமாகத் திரட்டித் தருவார். 1955இல் ரிச்சர்ட் டேலி மேயரானதில் அந்த ஓட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1976இல் சாகும்வரை டேலிதான் மேயர். டாசனுக்கு கிளவுட் இருந்தது என்றுதான் எழுதினார்கள். ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள் அதே ஒதுக்கப்பட்ட பகுதிகளில், அதே நெரிசலில்தான் கிடந்தார்கள். 1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரானார். நாற்காலி கிடைத்தது. ஐம்பது பேர் கொண்ட மாமன்றத்தில் 29 பேர் சேர்ந்துகொண்டு அவர் தீர்மானங்களையும் நியமனங்களையும் முடக்கினார்கள். 1986இல் சில வட்டங்களுக்கு மறுதேர்தல் நடந்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். ஆக, கிளவுட் பிறந்த ஊரிலேயே ஓட்டு ஒரு பக்கமும் கிளவுட் ஒரு பக்கமும் இருந்திருக்கிறது.

இந்தியாவுக்கு இந்தச் சொல் வந்தபோது அந்த வித்தியாசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது. இங்கே எம்.என். சீனிவாஸ் 1950களிலேயே ‘ஓட்டு வங்கி’, ‘ஆதிக்க சாதி’ என்ற இரண்டு சொல்லாக்கங்களைக் கொடுத்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவற்றோடு கிளவுட்டையும் சேர்த்துக் கலக்கிவிட்டார்கள். தேர்தல் வந்தால் போதும், இந்தத் தொகுதியில் தலித்துகள் இத்தனை சதம், ஆகவே தலித்துகளுக்குக் கிளவுட் என்று எழுதுகிறார்கள். அதே பக்கத்தில் ஆதிக்க சாதிக்கும் கிளவுட். இரண்டும் ஒரே சரக்கா? வங்கியில் கிடக்கிற பணம் வங்கியைப் பார்த்து எனக்கு இதைச் செய் என்று கேட்குமா? எடுத்துச் செலவு பண்ணுகிறவன் வேறு ஆள்.

தமிழில் ‘செல்வாக்கு’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக விஷயம் தெரிகிறது. செல்கிற வாக்கு. சொன்ன சொல் செல்லுபடியாகிற நிலை. இது ஒரு ஆளிடம் உட்கார்ந்திருக்கிற பண்டம் அல்ல. சொல் புறப்பட்டுப் போய் இன்னொரு இடத்தில் ஏற்கப்பட வேண்டும். ரூபாய் நோட்டு மாதிரி. வாங்குகிறவன் வாங்காவிட்டால் அது செல்லாத நோட்டுதான். இதன் மறுபக்கம்தான் ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழி. ஏழை என்று சொல்லிச் சாதியை மூடிவிட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சொல் ஏன் ஏறவில்லை என்று அந்த அம்பலத்தை யாரும் கேட்டதில்லை.

நவீன தமிழில் வாக்கு என்றால் ஓட்டும்தான். வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணிக்கை மேசையில் ‘செல்லாத வாக்கு’ என்று தனிக்கட்டு கட்டி வைப்பார்கள். எங்கள் ஓட்டுகள் அந்தக் கட்டில் விழவில்லை. ஒழுங்காக எண்ணப்படுகின்றன, ஜெயிக்கவும் செய்கின்றன. அதற்குப் பிறகுதான் செல்லாமல் போகின்றன.

அம்பலம் என்ற பட்டம் இன்னும் புழங்குகிற மேலூர்ப் பகுதியிலேயே மேலவளவு இருக்கிறது. 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல், தீவைப்பு, ஒத்திவைப்பு எல்லாம் தாண்டி முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. இப்போது சொல்லுங்கள், மேலவளவில் யாருடைய வாக்கு சென்றது?

வெட்டுக்குத்து இல்லாமலும் இது நடக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு, துணைத்தலைவருக்குக் கிடையாது. தனி ஊராட்சி ஒன்றின் தலைவரான ஒரு அக்காவை ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். பைப் ரிப்பேர் பண்ணினவருக்குப் பணம் கொடுக்க முடியவில்லை என்றார்.

“தலைவர் நீங்கதானக்கா?”

“நாந்தான் தம்பி. ஏங் கையெழுத்து போட்டு மூணு மாசமாச்சு. அவரு போடல. கேட்டா, தோட்டத்துல இருக்காரு, சாயங்காலம் வாங்கறாங்க. சாயங்காலம் போனா வாசல்ல நிக்கணும்.”

“அவருக்கு அவ்வளவு செல்வாக்கா?”

“செல்வாக்கென்ன செல்வாக்கு! பேனா அவருகிட்டயும் ஒண்ணு இருக்கு, அம்புட்டுத்தான். நாம போட்டது பாதிக் கையெழுத்து.”

கிளவுட்டுக்கு நான் படித்த விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது எதுவும் இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானபோது நாடே பதறியது. கையெழுத்துப் போடாத பேனாவைப் படம் எடுக்க முடியாது.

இந்தப் பாதிக் கையெழுத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு தீண்டப்படாதோருக்கு இரண்டு ஓட்டுக் கொடுத்தது. ஒன்று தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க, இன்னொன்று பொதுத் தொகுதியில் போட. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம்ம இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள். மாகாண சபைகளில் இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காகி 148 ஆயின. இரண்டாவது ஓட்டுப் போயிற்று. இடங்களைக் கூட்டியது இந்த இழப்புக்கு ஈடாகாது என்று அம்பேத்கர் பின்னாளில் எழுதினார். சேரியின் ஓட்டை நம்பி ஜெயிக்க வேண்டிய சாதி இந்து, சேரிக்கு எதிராகப் போகத் துணியமாட்டான் என்பது அவர் கணக்கு. தன் பிரதிநிதி சபையில் உட்காருவது ஒன்று. எதிராளி தன் வாசலுக்கு வந்து நிற்பது இன்னொன்று. கிளவுட் என்று அசலாகச் சொல்லத்தக்கது அந்த இரண்டாவதுதான். பறிபோனதும் அதுதான்.

1952இல் முதல் பொதுத்தேர்தல். பம்பாய் வடக்குத் தொகுதியில் அம்பேத்கர் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட்டால் ஒன்று செல்லாது. சுமார் 14,500 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தேர்தலில் செல்லாது என்று ஒதுக்கிய ஓட்டுகள் 74,333 என்றும், அவற்றைத் திட்டமிட்டு வீணாக்க வைத்தார்கள் என்றும் அவரும் அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்குப் போட்டார்கள்.