சுவரில் இருக்கும் சேரி

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று விற்கிற வழிகாட்டி நூல்கள் சிலவற்றை வாசித்தேன். எல்லாம் ஒரே பாட்டுதான். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது, இருநூறு அடியைத் தாண்டும் விமானம், 1987-ல் யுனெஸ்கோ கொடுத்த உலகப் பாரம்பரியப் பட்டம். விமான நிழல் தரையில் விழாதுன்னு ஒரு கட்டுக்கதை வேற. நிழல் விழத்தான் செய்கிறது.

கோயில் சுவரிலேயே வெட்டியிருப்பதை மட்டும் இந்த நூல்கள் தொடுவதில்லை. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை நுணுக்கமாக அளந்து, வரி இல்லாத இடங்களைக் கழித்திருக்கிறார்கள். குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி. இது ஒண்ணும் ரகசியமில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் பதிப்பித்து நூறு வருசத்துக்கு மேலாகிறது.

அதே சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடும் பங்கும் பெயர் சொல்லி எழுதியிருக்கு. பறைச்சேரிக்காரனுக்குப் பெயர் இல்லை. இந்தக் கணக்கில் அவன் ஆளே இல்லை, கழித்துவிட்ட நிலம். கோயிலுக்கு அளந்த நெல்லில் உழுபறையர் உழைப்பு எவ்வளவு என்று எந்தக் கல்லிலும் கணக்கில்லை.

கோயிலைப் பார்க்காதீங்கன்னு நான் சொல்லவில்லை. போங்க, அண்ணாந்து பாருங்க. குனிந்து அடிச்சுவரையும் வாசிங்க. வெட்டினவன் மறைக்கவில்லை, அவனுக்கு அது சாதாரணக் கணக்கு. மறைக்கிறது நம்ம காலத்துப் பெருமைதான். விமானம் பாரம்பரியம்னா தீண்டாச்சேரியும் பாரம்பரியம்தான். ரெண்டையும் சேர்த்து எழுதுங்கய்யா.