நால்வர் பிரிந்தனர்; தமிழ் நின்றது

சங்கீதம் என்றாலே ராகமும் பக்தியும் என்று எண்ணும் நம்மவர் முன், ராப் என்னும் வேகப் பேச்சுப் பாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு அருவருப்பாகத் தோன்றலாம். தோன்றட்டும். சென்னையில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்ட காலத்திலும், தமிழில் பாடினால் கச்சேரியின் மதிப்புக் குறையுமென்று சொன்ன மேதாவிகள் இருந்தார்கள். அன்று மேடையில் எழுந்த கேள்வியே பின்னாளில் கோலாலம்பூர்த் தெருவில் எழுந்தது.

1990-களில் யோகி பி, பாய்ண்ட் பிளாங், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ என்று மேடைப் பெயர் பூண்ட நால்வர், 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவாகச் சேர்ந்தனர். 1998-ல் வந்த அவர்களது முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் ஆகிய நான்கு மொழிகளும் ஒலித்தன. இந்நாட்டின் கடைத்தெருவில் கேட்பது அதுதானே? 2000-ல் இரண்டாம் தொகுப்பு வந்தது. சில ஆண்டுகளில் நால்வரும் தத்தம் வழி சென்றனர். லண்டனில் 1975-ல் தோன்றிய 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்னும் பங்க் குழுவும் 1977-ல் ஒரே தொகுப்பைத் தந்து, 1978 ஜனவரியில் உடைந்தது. இத்தகைய கூட்டங்களுக்கு ஆயுள் குறைவு, விளைவோ நெடிது.

நிற்க. யாம் இதை எழுதும் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே ஊர்ப்பெயராயிற்று என்பர். இப்படி எத்தனையோ தோட்டங்களில் மரமும் லயமும் போயின. அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அடுக்கு வீடுகளில் வளர்ந்தனர். அவர்களுடைய கோபத்துக்குத் தமிழில் பாட்டு ஏது?

அக்குறையைத் தீர்க்க வந்ததே 2006-ல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'நட்சத்திரா' என்ற பெயரில் வெளியிட்ட 'வல்லவன்'. நான்கில் ஒன்றாக ஒதுங்கி நின்ற தமிழ், இதில் வீட்டுத் தலைவியாயிற்று. அப்போது பள்ளி மாணவனாயிருந்த யாம் அதை மறைவாகவே கேட்டோம். ஆங்கிலவழிப் படிப்பின் மயக்கம்! அதே வசையை ஆங்கிலத்தில் பாடினால் நாகரிகம். தமிழில் பாடினால் காலித்தனம். இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது.

எனினும் குறை சொல்லாது விடோம். தமிழில் வினைமுற்றுகள் பெரும்பாலும் ஒரே ஈற்றில் முடிவதால், அடியின் கடைசியில் ஓசை பொருந்துவது எளிது. அந்த எளிமையில் மயங்கினால் பாட்டு நொண்டும். எதுகையும் மோனையும் அடியின் தலையில் விழுந்தால் பேச்சே பறையாகும். வல்லவர் வழி அதுவே. மற்றொன்று: இத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற 'மடை திறந்து', 'நிழல்கள்' (1980) படத்துக்காக இளையராஜா அமைத்த மெட்டின்மேல் எழுந்தது. நம் வீட்டுக் கதவை இரவல் சாவியால் திறந்தோம்.

யோகி பியின் குரல் பின்னர் 'பொல்லாதவன்' (2007), 'காலா' (2018) முதலிய சென்னைப் படங்களில் ஒலித்தது. அதன் பிறகே நம்மவரிற் பலர் கைதட்டினர். அன்பர்களே! அயலூர் முத்திரை விழுந்தபின் தட்டுவது ரசனையன்று, கணக்கெழுதுவது. அவ்வேலையை எம்போன்ற தோட்டக் கிராணிகளுக்கு விட்டுவிடுங்கள். உங்கள் அடுக்கு வீட்டுப் படிக்கட்டில் இன்று தாளம் தட்டும் பையனை, இன்றே நின்று கேளுங்கள்.