எல்லைக்கு ஒரு சட்டம், வீதிக்கு ஒரு சட்டம்

இலங்கைக்குத் தரை எல்லை கிடையாது. ஆனாலும் வன்னியில் ஒரு தரை எல்லை இருந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச்சாவடி, புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடி. போர் 2009இல் முடிந்தது. ஓமந்தைச் சாவடி 2015இல்தான் மூடப்பட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் அந்த வீதியில் பயணித்தவர்கள், எல்லை இல்லாத இடத்தில் எல்லைச் சோதனைக்கு இறங்கி நின்றவர்கள். படையினரைக் குடியியல் பணிக்கு அழைக்கும் சட்டங்களை நிறுத்துப் பார்க்க இந்த வீதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். அத்தகைய சட்டம் மூன்றை வரையறுக்க வேண்டும்: படையினர் எந்த இடத்தில், எவ்வளவு காலம், யாருக்குப் பொறுப்பாக. நோக்கம் நல்லதா என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. நல்ல நோக்கத்தை அறிவிக்காத பாதுகாப்புச் சட்டம் இதுவரை எழுதப்பட்டதில்லை.

1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வாசகம் என்ற அளவில், பலர் நினைப்பதைவிடச் செம்மையானது. ஒரு பகுதியில் பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்திருக்க வேண்டும் அல்லது நெருங்கியிருக்க வேண்டும். அதைச் சமாளிக்கப் பொலிஸ் போதாது என ஜனாதிபதி கருத வேண்டும். வர்த்தமானிக் கட்டளை ஒரு மாதத்துக்கே செல்லும். இடமும் காலமும் சுட்டப்பட்டிருக்கின்றன. விதிவிலக்கை விதிவிலக்காகவே வைத்திருக்கும் எண்ணம் வரைந்தவரிடம் தெரிகிறது.

குறை அடுத்த வரியில் இருக்கிறது. மாதம் முடிந்தால் இன்னொரு கட்டளை இடலாம். எத்தனை தடவை என்ற வரம்பில்லை, பாராளுமன்றத்தின் அங்கீகாரமும் வேண்டியதில்லை. 2011 ஆகஸ்ட் இறுதியில் அவசரகால நிலை காலாவதியானபோது நிகழ்ந்தது இதுதான். அவசரகால ஒழுங்குவிதிகள் போன இடத்தில் 12ஆம் பிரிவுக் கட்டளைகள் மாதாமாதம் வந்தன, எல்லா மாவட்டங்களுக்குமாக. 2019 நவம்பரிலும் பதவியேற்ற கையோடு புதிய ஜனாதிபதி 25 மாவட்டங்களுக்கும் அதே கட்டளையைப் பிறப்பித்தார். ‘ஒரு பகுதி’ என்ற சொல் முழுத்தீவு ஆயிற்று. ‘ஒரு மாதம்’ ஆண்டுகள் ஆயிற்று. சட்டத்தை யாரும் மீறவில்லை. மீறாமலேயே அதன் பொருளை வெறுமையாக்க முடிந்தது என்பதே அதன் மீதான கடுமையான விமர்சனம்.

1979இல் மூன்று ஆண்டுகளுக்கென வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வரலாறும் இதே பாடத்தைத்தான் தருகிறது. அதற்கு மாற்றாக 2018, 2023, 2025 எனத் தொடர்ந்து வரைவுகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு உரிய மதிப்பைக் குறைக்கக் கூடாது. கைதானவரைத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைப்பது, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது போன்ற காப்புகள் பழைய சட்டத்தோடு ஒப்பிட மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் 1979 சட்டம் பிடியாணையின்றிக் கைதுசெய்யும் அதிகாரத்தைப் பொலிஸ் அதிகாரிகளிடமே வைத்திருந்தது. இவ்வரைவுகள் மறித்து, சோதித்து, கைதுசெய்யும் அதிகாரத்தை ஆயுதப் படையினருக்கும் வழங்குகின்றன. அதற்கு மாவட்டம் குறிப்பிட்ட கட்டளை வேண்டாம், மாதக் கெடுவும் வேண்டாம். நடைமுறையில் திருத்தம், அமைப்பில் பின்னடைவு. 12ஆம் பிரிவு துஷ்பிரயோகத்தால் அடைந்த நிலையை இவை வாசகத்திலேயே தொடக்கப்புள்ளியாக வைக்கின்றன.

கடலுக்கு வந்தால் கணக்கு வேறு. அங்கே எல்லை உண்டு, இந்தியாவுடனான 1974, 1976 உடன்படிக்கைகளில் வரையப்பட்ட எல்லை. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குபடுத்தற் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தண்டப்பணம் படகின் நீளத்துக்கு ஏற்ப 50 இலட்சம் ரூபாயிலிருந்து 17½ கோடி வரை உயர்ந்தது. குற்றம் எது, எங்கே, தண்டனை என்ன என எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. கடற்படை பிடித்தவர்களைக் கடற்றொழில் திணைக்களம் பொறுப்பேற்று ஊர்காவற்றுறை, மன்னார் போன்ற நீதிமன்றங்களில் நிறுத்துகிறது. கரையில் படைமுகாமை அகற்றக் கோரும் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்களே, வலையை அறுத்துச் செல்லும் இந்திய இழுவைப் படகுகளைத் தடுக்கக் கடற்படையையும் கோருகிறார்கள். இதில் முரண் இல்லை. அவர்களுடைய அளவுகோல் நமதைப் போன்றதே.

இந்தச் சட்டங்களையும் முழுதாகத் தேறியவை எனச் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் மீனவர்கள் துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்தார்கள். தற்செயலாக வெடித்தது என்றது கடற்படை. மீன்பிடிக் குற்றத்துக்குத் துப்பாக்கி எந்தக் கட்டத்தில் எடுக்கப்படலாம், எடுத்தவரை யார் விசாரிப்பது என்பதைச் சட்டமே சொல்லியிருந்தால் அந்த விளக்கத்தைச் சோதிக்க ஓர் அளவுகோல் இருந்திருக்கும். இடம் தேறுகிறது, பொறுப்பு பாதியில் நிற்கிறது.

எனவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. கடற்சட்டங்கள் திருத்தி வைத்துக்கொள்ளத் தக்கவை. வரைவுகளில் உள்ள தரைப்படை அதிகாரங்கள் திருத்தத்துக்கு உரியவை அல்ல, நீக்கத்துக்கு உரியவை. படையினரின் உதவி தவிர்க்க முடியாத வேளை ஒன்று வருமானால் 12ஆம் பிரிவு போதும், ஆனால் இரு நிபந்தனைகளோடு: கட்டளையில் மாவட்டத்தின் பெயரும் காரணமும் எழுதப்பட வேண்டும், இரண்டாம் மாதத்துக்கான கட்டளை பாராளுமன்ற வாக்கெடுப்பில் தேறாமல் வர்த்தமானியில் ஏறக் கூடாது.