தகரக் கூரை

ஐப்பசி பிறந்துவிட்டால் மலேசியாவின் தானா ராத்தாவில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். பனிப்பொழிவு இல்லை என்றாலும், இரவில் 15 பாகை வரை இறங்கும் குளிரும் சாரலும் காற்றோடு சேர்ந்து அடித்தால் பற்கள் கிட்டிக்கும். அப்படிப்பட்ட இரவுகளில் நம்மைக் காத்து நிற்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை. மழை வருவதை அதுதான் முதலில் சொல்லும். தேயிலைச் சரிவின் மேல்வரிசை வீடுகளில் சத்தம் தொடங்கி, வீடு வீடாக இறங்கி, நம் தலைக்கு மேல் வந்து சேரும். முதலில் தனித்தனித் துளிகள், பிறகு சடசடப்பு, பிறகு பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவதும் கேட்காத ஒரே இரைச்சல். கம்பளிக்குள் சுருண்டு அதைக் கேட்பது தாலாட்டுக் கேட்பது போல.

அந்தச் சுகத்துக்குப் பின்னால் ஒரு கைத்திறன் இருக்கிறது. தகரத்தின் நெளிவில் மேட்டில்தான் ஆணி இறங்க வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் ஓடும் நீர் துளை வழியே வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு தகடு அடுத்ததன்மேல் நெளிவோடு நெளிவு பொருந்தி ஏறியிருக்க வேண்டும், காற்று வரும் திசையில் விளிம்பு தூக்காமல். ஆணித்தலைக்கு அடியில் ரப்பர் வளையம், துருவேறிய இடத்தில் தார்ப்பூச்சு. ஈரம் வழுக்கும் கூரையில் குந்தியபடி, அவசரமில்லாமல் இவற்றைச் செய்பவரின் பொறுமைதான் கீழே உறங்கும் குடும்பத்துக்குக் காவல். அடைமழைக்கு முன் ஒரு வெயில் நாளில் உங்கள் வீட்டுக் கூரையின் ஆணிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.